அருகிலிருக்கும் க்ஷேத்திரங்கள்

(சிங்கப்பூரின் தோ பாயோவில் தமிழன்பர்கள் கூட்டமொன்றில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இந்த வட்டாரத்தைச் சுற்றியுள்ள பூங்காக்களையும், காட்டுப் பாதைகளையும், சாலையோரத்தில் நாம் பார்த்தும் பாராமலும் கடந்து போகிற காட்சிகளையும் பற்றிப் பேச வேண்டும் என்று இக்கூட்டத்தை ஏற்பாடு செய்த நண்பர்கள் கேட்டபோது, மிகுந்த சந்தோஷத்துடன் ஒப்புக்கொண்டேன். பள்ளி விடுமுறை தொடங்கிவிட்டால் குழந்தை குட்டிகளோடு விமானமேறிச் சென்னைக்கும் மதுரைக்கும், பாலித் தீவுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் பிரயாணமாகிற நம்மவர்களில் பலர், தங்கள் அடுக்குமாடி புளோக்கிலிருந்து நடந்தே போய்ச் சேரக்கூடிய காலாங் ஆற்றங்கரையில் ஒரு மாலைப் பொழுதைக்கூடக் கழித்ததில்லை. தூரப் பிரயாணத்தைக் குறை சொல்வது என் நோக்கமன்று. ஏ. கே. செட்டியார் அவர்கள் 1940-ஆம் ஆண்டில் ‘உலகம் சுற்றும் தமிழன்’ என்ற நூலை வெளியிட்டது தொட்டுத் தமிழில் பிரயாண இலக்கியம் ஒரு தனித் துறையாகவே செழித்து வந்திருக்கிறது. அதனால் நம் அறிவும் மனமும் விசாலமடைந்திருக்கின்றன. ஆயினும், தொலைவு ஒன்றே ஓர் இடத்துக்கு மகிமையைத் தந்துவிடாது என்பதும், பக்கத்திலிருக்கிற சிறிய இடத்தைப் பலமுறை சென்று, விஷயம் தெரிந்து பார்க்கிறவனுக்குத்தான் அந்த ஊர் சொந்த ஊராகிறது என்பதும் என்னுடைய திடமான அபிப்பிராயம். பிழைக்க வந்த தேசத்தில் வேரூன்ற விரும்புகிற சமூகத்துக்கு இது இன்னும் முக்கியமான விஷயம்.

பார்ப்பது எப்படி என்பதற்கு நாம் வேறெங்கும் போய்ப் பாடம் கேட்க வேண்டியதில்லை. நம் முன்னோர்கள் ஒரு க்ஷேத்திரத்துக்குப் போனால், மூலவரைத் தரிசித்த கையோடு திரும்பிவிடவில்லை. அங்கே தல விருட்சம் எது என்று விசாரித்து அதை வலம் வந்தார்கள். தீர்த்தம் எங்கே ஊறுகிறது, எந்த ஆற்றிலிருந்து வருகிறது என்று அறிந்து அதில் நீராடினார்கள். தலபுராணம் தெரிந்த முதியவரைத் தேடிப் பிடித்து, மண்டபத்துத் தூணோரம் உட்கார்ந்து, அந்த இடம் எப்படி உண்டாயிற்று, யார் யார் அங்கே வந்து போனார்கள் என்று கேட்டார்கள். விருட்சம், தீர்த்தம், புராணம் என்னும் இந்த மூன்றையும் தேடிக்கொண்டு ஒரு பூங்காவுக்குள் நுழைந்து பாருங்கள். வெறும் புல்வெளியென்றும் தேகப்பயிற்சிக்கு ஏற்ற பாதையென்றும் தோன்றிய இடம் உங்களோடு பேசத் தொடங்கிவிடும்.

தீர்த்தத்திலிருந்தே ஆரம்பிக்கிறேன். சிங்கப்பூரின் ஆறுகளுள் மிக நீளமானது காலாங் ஆறு. லோவர் பியர்ஸ் நீர்த்தேக்கத்தருகே புறப்பட்டு, பீஷான், தோ பாயோ, பொத்தோங் பாசிர் ஆகிய வட்டாரங்களைத் தொட்டுக்கொண்டு, காலாங் படுகையில் கலப்பதற்குள் ஏறக்குறைய 10 கிலோமீட்டர் ஓடுகிறது. காவிரியையும் தாமிரவருணியையும் பார்த்து வளர்ந்தவர்கள் இதை ஓர் ஆறென்று ஒப்புக்கொள்ளத் தயங்கலாம். தயங்குவதற்கு வேறொரு காரணமும் உண்டு. தாழ்ந்த சதுப்பு நிலங்களில் வெள்ளம் புகாமல் காப்பதற்காக இவ்வாற்றின் பெரும்பகுதியைச் சிமெண்டுக் கால்வாயாகக் கட்டிவிட்டார்கள். மழை பெய்தால் தண்ணீர் விரைந்து கடலை நோக்கி ஓடிவிட வேண்டும் என்பதே அக்காலத்துக் கவலை. அந்தக் கவலையில் நியாயம் இருந்தது. வெள்ளத்தில் வீட்டுச் சாமான்களைத் தூக்கிக்கொண்டு ஓடியவர்கள் பொத்தோங் பாசிரில் இன்றும் இருக்கிறார்கள்.

இந்த நிலையை மாற்றிய ஒரு காரியம் நம் வீட்டு வாசலிலேயே நடந்தது. 1988-இல் திறக்கப்பட்ட பீஷான் - அங் மோ கியோ பூங்கா 62 ஹெக்டேர் விஸ்தீரணமுள்ளது. அதன் ஓரமாகச் சென்ற 2.7 கிலோமீட்டர்க் கால்வாயை உடைத்தெடுத்துவிட்டு, பூங்காவின் நடுவே வளைந்தும் நெளிந்தும் ஓடுகிற 3.2 கிலோமீட்டர் ஆறாக மறுபடியும் அதை உயிர்ப்பித்தார்கள். அப்பணி 2012-இல் நிறைவெய்தியது. பொதுப் பயனீட்டுக் கழகமும் தேசிய பூங்காக் கழகமும் சேர்ந்து செய்த இவ்வேலையின் சூட்சுமம் கரையில்தான் இருக்கிறது. சிமெண்டுச் சுவருக்குப் பதிலாகக் கற்களையும், நார்ப் பாய்களையும், உயிருள்ள செடிகளையும் அடுக்கி, அவற்றின் வேர்களே மண்ணைப் பிடித்துக்கொள்ளும்படி கரையை அமைத்தார்கள். சாதாரண நாளில் குழந்தைகள் கணுக்கால் நனைய இறங்கி விளையாடுகிற சிற்றோடையாக இருப்பது, கனமழை பெய்தால் இருபுறத்துப் புல்வெளிகளிலும் பரவி, ஏறக்குறைய 100 மீட்டர் அகலமுள்ள வெள்ளமாக மாறுகிறது. அபாயச் சங்கு ஒலிக்கிறது, எச்சரிக்கை விளக்குகள் எரிகின்றன, மக்கள் மேட்டுக்கு ஏறிவிடுகிறார்கள். மழை ஓய்ந்து நீர் வடிந்தபின் புல்வெளி பழையபடி புல்வெளியாகிறது. ஆற்றுக்கு இடம் கொடுத்துவிட்டால் அது நம்மை விரட்டுவதில்லை என்னும் இந்த ஞானம், ஏரிக்குள்ளும் கால்வாய்க்குள்ளும் வீடு கட்டிக்கொண்டு டிசம்பர் மாதந்தோறும் அவதிப்படுகிற நம் தாய்நாட்டு நகரங்களுக்கும் வேண்டிய ஞானமல்லவா?

ஆறு திரும்பியவுடன் ஜீவராசிகளும் திரும்பின. நீர்நாய்க் குடும்பங்கள் இன்று இவ்வாற்றில் சகஜமாக நடமாடுகின்றன. அதிகாலையில் பாலத்தின் மேல் அசையாமல் நின்றால், முதலில் தண்ணீரில் குமிழிகளின் வரிசையொன்று தெரியும். பிறகு ஈரத்தில் பளபளக்கும் தட்டையான தலைகள் ஒவ்வொன்றாக எழும். ஒன்று மீனைக் கவ்விக்கொண்டு கரையேறி, முன்னங்கால்கள் இரண்டாலும் பிடித்து, தலைப் பக்கத்திலிருந்து நறுக்கு நறுக்கென்று கடித்துத் தின்னும். மற்றவை கீச்சிட்டுக்கொண்டு அதைச் சுற்றிவரும். எட்டடி தூரத்தில் உடும்பு ஒன்று நாக்கை நீட்டி மோப்பம் பிடித்தபடி, மிச்சத்துக்காகக் காத்திருக்கும். அடுக்குமாடி வீடுகளிலிருந்து வேலைக்குப் புறப்பட்டவர்கள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நின்று பார்த்துவிட்டுப் போவார்கள். இக்காட்சிக்கு நுழைவுச் சீட்டு இல்லை.

இனி விருட்சம். இந்நகரத்துச் சாலைகளின் மேல் பச்சைப் பந்தல் போட்டிருக்கிற மரங்களில் நமக்கு மிகவும் பரிச்சயமானது தூங்குமூஞ்சி மரம். அமெரிக்கக் கண்டத்து வெப்பப் பிரதேசங்களிலிருந்து வந்து, தமிழ்நாட்டு நெடுஞ்சாலைகளிலும் சிங்கப்பூரின் சாலைகளிலும் ஒருங்கே குடியேறிவிட்ட மரம் அது. மாலை மங்கும் வேளையிலும் மழை மூடும் வேளையிலும் அதன் சிற்றிலைகள் இரண்டிரண்டாகக் கூடிக்கொள்வதைக் கீழே நின்று அண்ணாந்து பார்த்தால் நன்றாகக் காணலாம். அடர்ந்திருந்த பந்தல் சிறிது நேரத்தில் மெலிந்து, கிளைகளின் சித்திரமும், கிளைகளில் தொற்றி வளர்ந்த பெரணிகளும் வானத்தின் பின்னணியில் துலக்கமாகத் தெரியும். பகலில் நிழல் தந்த மரம், மழைக்கும் இரவுக்கும் இலையை மடக்கிக்கொண்டு, அடியிலிருக்கிற புல்லுக்கு நீர் இறங்க வழிவிடுகிறது. நகரம் முழுவதையும் மரங்களால் நிரப்ப வேண்டும் என்ற எண்ணம் இங்கே அரசியல் தலைமையிலிருந்தே பிறந்தது. 1963-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் லீ குவான் யூ அவர்கள் ஃபேரர் சதுக்கத்தில் மெம்பாட் மரக்கன்று ஒன்றை நட்டார். 1967-இல் பூந்தோட்ட நகரம் என்ற இலட்சியம் அறிவிக்கப்பட்டது. 1971 நவம்பரில் முதல் மரம் நடு நாள் கொண்டாடப்பட்டது. வீட்டுக்கும் வேலைக்கும் மக்கள் தவித்துக்கொண்டிருந்த வருஷங்களில் மரத்துக்கும் பணம் ஒதுக்கிய தீர்க்கதரிசனத்தை நான் மனமாரப் பாராட்டுகிறேன்.

தெம்புசு என்றொரு மரம் இருக்கிறது. அதைப் பலரும் பெயர் தெரியாமலே கடந்து போகிறார்கள். ஆழ்ந்த வெடிப்புகளோடு கூடிய கரிய பட்டையும், மாலையில் பரவுகிற வெண்பூக்களின் வாசனையும் அதற்கு அடையாளம். தாவரவியல் பூங்காவில் தாழ்ந்த கிளையொன்றைத் தரையோடு நீட்டிக்கொண்டிருக்கும் தெம்புசு மரத்தின் படத்தை நம் ஐந்து வெள்ளி நோட்டிலேயே அச்சிட்டிருக்கிறார்கள். அந்தப் பூங்கா 1859-இல் தொடங்கப்பட்டு, 2015-இல் யுனெஸ்கோவின் உலக மரபுடைமைப் பட்டியலில் இடம்பெற்றது என்பது பலருக்கும் தெரியும். நம் குடும்பங்களின் சரித்திரத்தோடு அதற்குள்ள சம்பந்தத்தை அறிந்தவர்கள் குறைவு. 1877-இல் இங்கிலாந்தின் கியூ தோட்டத்திலிருந்து 22 ரப்பர்க் கன்றுகள் அங்கே வந்து சேர்ந்தன. 1888 முதல் அப்பூங்காவை நிர்வகித்த ஹென்றி ரிட்லி, மரத்தைச் சாகடிக்காமல் பால் வடிக்கிற முறையை அங்கேதான் செம்மைப்படுத்தினார். அதிலிருந்து மலாயாவில் ரப்பர்த் தோட்டங்கள் பெருகின. தோட்டங்களுக்கு ஆள் வேண்டியிருந்தது. தஞ்சையிலும் திருச்சியிலும் சேலத்திலும் கங்காணிகள் கிராமம் கிராமமாகப் போனார்கள். இந்த அவையில் இருப்பவர்களில் எத்தனையோ பேருடைய பாட்டனார்கள் கப்பலேறியதற்கு மூலகாரணமான செடி அந்தப் பூங்காவில்தான் வேர் பிடித்தது. அங்கே ஞாயிற்றுக்கிழமை பாய் விரித்து உட்கார்ந்து சித்திரான்னம் சாப்பிடுகிற குடும்பங்கள், இந்த வரலாற்றையும் குழந்தைகளுக்கு ஒருமுறை சொல்ல வேண்டும்.

புராணங்களிலேயே மிகவும் செறிவானது நமக்கு மேற்கே, தாம்சன் சாலையைக் கடந்தால் தொடங்குகிற காட்டில் இருக்கிறது. மெக்ரிட்சி நீர்த்தேக்கம் 1868-இல் கட்டி முடிக்கப்பட்டது. நகரத்துக்கு நல்ல தண்ணீர் வேண்டுமென்று டான் கிம் செங் என்ற சீனப் பெருவணிகர் 13,000 வெள்ளி நன்கொடை அறிவித்தது 1857-இலேயே. பிற்காலத்தில் நீர்த்தேக்கத்தை விரிவுபடுத்திய நகராட்சிப் பொறியாளர் ஜேம்ஸ் மெக்ரிட்சியின் பெயர் 1922-இல் அதற்குச் சூட்டப்பட்டது. நீரைக் காக்க வேண்டுமானால் அதைச் சுற்றியுள்ள காட்டைக் காக்க வேண்டும் என்பதால் மரம் வெட்டுவது தடுக்கப்பட்டது; இன்று நாம் நடக்கிற காட்டுப் பாதைகளுக்கெல்லாம் அந்தத் தண்ணீர்க் கவலையே மூலம். காட்டுக்குள் வெகுதூரம் நடந்து சென்றால், 2004-இல் திறக்கப்பட்ட மர உச்சி நடைபாலம் வரும். இரண்டு குன்றுகளுக்கிடையே 250 மீட்டர் நீளத்துக்குத் தொங்குகிற அந்தப் பாலத்தில், தரையிலிருந்து 25 மீட்டர் உயரம் வரை, ஒருவர் பின் ஒருவராக ஒரே திசையில்தான் செல்ல முடியும். கீழே நின்று அண்ணாந்தபோது இருளாக இருந்த மரங்களின் முடிகள் கண்மட்டத்துக்கு வந்துவிடுகின்றன. எந்த மரம் துளிர்விட்டிருக்கிறது, எது காய்த்திருக்கிறது என்பதைப் பறவையைப் போல நாமும் பார்க்கலாம்.

இன்னும் மேற்கே புக்கிட் தீமா. 163 மீட்டர் உயரமுள்ள அதுவே இத்தீவின் சிகரம். பழனி மலைப் படிகளை ஏறியவர்களுக்கு அது ஒரு பொருட்டாகத் தோன்றாது. ஆனால் 1854-இல் ஆல்பிரட் ரஸல் வாலஸ் என்ற ஆங்கிலேய இயற்கை விஞ்ஞானி அங்கே பாதிரியார்களின் இல்லத்தில் தங்கி, தினமும் பக்கத்துக் காட்டுக்குள் சென்று வந்தார். இரண்டு மாதத்துக்குள் ஏறத்தாழ 700 வகை வண்டினங்களைச் சேகரித்தார். அவற்றில் மிகப் பெரும்பாலானவை ஒரு சதுர மைலுக்கு மேற்படாத காட்டுத்துண்டிலிருந்து கிடைத்தவை. புலிகள் உலவிய காலம் அது. சீனத் தொழிலாளர் வெட்டிப் போட்ட மரங்களும் பட்டையும் மரத்தூளும்தான் வண்டுகளுக்குத் தீனியாயின என்றும் அவரே காரணம் எழுதி வைத்திருக்கிறார். உலகத்து உயிர்களின் பரிணாமத்தைப் பற்றிச் சிந்தித்த ஒரு பேரறிஞனுக்கு ஒரு சதுர மைல் போதுமானதாக இருந்தது என்றால், தோ பாயோவைச் சுற்றியுள்ள பிரதேசம் நமக்கு ஆயுளுக்கும் போதாதா? அந்தக் குன்றை மத்திய நீர்ப்பிடிப்புக் காட்டிலிருந்து பிரித்த விரைவுச்சாலை 1986-இல் முடிவடைந்தது. பிரிந்த காடுகளை இணைக்க, எறும்புத்தின்னி முதலிய பிராணிகள் கடந்து செல்வதற்கென்றே 62 மீட்டர் நீளப் பசும்பாலம் ஒன்றை 2013-இல் கட்டினார்கள். வெட்டியதை ஒட்டுவதற்கு இருபத்தேழு ஆண்டு ஆயிற்று.

சாலையோரக் காட்சிகள் என்றதும் பெரிய நகரத்து வேடிக்கைகளை எண்ண வேண்டாம். தோ பாயோவுக்குள்ளேயே நிறைய இருக்கிறது. சதுப்பும் காய்கறித் தோட்டமும் கம்பத்து வீடுகளுமாக இருந்த இடத்தில், வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் 1960-களில் எழுப்பிய நகரம் இது. வெளிநாட்டு விருந்தினர்களை அழைத்து வந்து காட்டுவதற்கென்றே 53-ஆம் புளோக்கின் உச்சியில் ஒரு காட்சி மாடம் அமைத்தார்கள்; 1972-இல் எலிஸபெத் மகாராணியார் அங்கே வந்தார். அடுத்த ஆண்டு தென்கிழக்காசியத் தீபகற்ப விளையாட்டுப் போட்டிகளின் வீரர்கள் தோ பாயோவில்தான் தங்கினார்கள். அப்போட்டிகளுக்குச் செயலகமாக இருந்த கட்டிடமே 1974-இல் நமது நூலகமாயிற்று. தீவு விரைவுச்சாலையை ஒட்டியுள்ள தோ பாயோ நகரப் பூங்காவின் பார்வைக் கோபுரமும் குளங்களும் மூங்கில்களும், எழுபதுகளிலும் எண்பதுகளிலும் மணமக்கள் மாலையுடன் வந்து புகைப்படம் எடுத்துக்கொண்ட இடம். உங்கள் வீட்டுப் பழைய ஆல்பத்தைப் புரட்டிப் பாருங்கள். அந்தக் கோபுரம் எங்காவது பின்னணியில் நிற்கக்கூடும்.

ஆறாவது லோரோங் தெருவில் இருக்கிற கடல்நாக விளையாட்டுத் திடலைப் பற்றி மட்டும் சற்று விரிவாகச் சொல்ல அனுமதியுங்கள். வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தில் வடிவமைப்பாளராக இருந்த கோர் இயான் கீ என்பவர் 1979-இல் வடிவமைத்தது அது. சிறுசிறு வண்ண ஓடுகள் பதித்த பெரிய தலை, தலையிலிருந்து இறங்குகிற வழுவழுப்பான சறுக்கு, முதுகெலும்பு போல வரிசையாக வளைந்து செல்லும் இரும்பு வளையங்கள், அடியில் மணல். அயல்நாட்டிலிருந்து தருவித்த ஊஞ்சலும் சறுக்கும் போதும் என்றிராமல், இந்த மண்ணின் கற்பனையிலிருந்து குழந்தைகளுக்கென ஒரு சிற்பம் செய்து, அதன் மேல் ஏறி மிதிக்கவும் அவர்களுக்கு உரிமை கொடுத்தார்கள். நாகத்தின் காதோரம் ஓடுகளின் விளிம்பு மழுங்கியிருப்பதைத் தடவிப் பாருங்கள். பற்றி ஏறிய பிள்ளைகளின் கைகளும் அதை மழுக்கியிருக்கின்றன. அதே போன்ற நாகங்கள் வேறிடங்களில் பெரும்பாலும் இடிக்கப்பட்டுவிட்டன. இருக்கிற ஒன்றையாவது நம் பேரப்பிள்ளைகளுக்கு நாம் காட்டியாக வேண்டும்.

நகர நடுவில், 177-ஆம் புளோக்கருகே சீனர்களின் மரத்தடிச் சந்நிதியொன்று உண்டு. நகரம் கட்டியபோது இயந்திரங்களுக்கு அம்மரம் பணியவில்லை என்றும், அதனால் அதை விட்டுவைத்தார்கள் என்றும் ஐதிகம். 2013-இல் மரம் சாய்ந்த பிறகும் வழிபாடு நிற்கவில்லை. தல விருட்சம் என்ற கருத்து நமக்கு மட்டும் உரியதன்று என்பதற்கு வேறு சாட்சி வேண்டுமா? எட்டாவது லோரோங்கில் ஸ்ரீ வைராவிமட காளியம்மன் கோயிலும், பிராடல் சாலையில் 1977-இல் எழுந்த முஹாஜிரின் பள்ளிவாசலும், நூறாண்டு கடந்த லியான் ஷான் ஷுவாங் லின் மடாலயமும் ஒரே காலைநேர நடைக்குள் அடங்கிவிடும்.

இவ்விடங்களைப் பற்றிப் பேசும்போது, இவற்றை உண்டாக்கிய கைகளைச் சொல்லாமல் விட எனக்கு மனம் வரவில்லை. 1825 முதல் 1873 வரை இந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட கைதிகள் இத்தீவின் ஆதிச் சாலைகளை வெட்டினார்கள். அவர்களில் சென்னை மாகாணத்தவரும் இருந்தனர். பிற்பாடு நகராட்சியின் தண்ணீர் வேலையிலும், சாலை வேலையிலும், ரயில் பாதை வேலையிலும் தமிழர் உழைத்தார்கள். 2011 ஜூன் 30-ஆம் தேதி தஞ்சோங் பகாரிலிருந்து கடைசி ரயில் புறப்பட்டுப் போனபின், 24 கிலோமீட்டர்ப் பசுமை நடைவழியாகிவிட்ட அந்தப் பழைய ரயில் பாதையில் நடக்கும்போது அவர்கள் ஞாபகம் வராமல் இராது. இன்றும் தூங்குமூஞ்சி மரத்தின் கிளையைக் கழிப்பவரும், பூங்காப் புல்லை வெட்டுபவரும் புதுக்கோட்டையிலிருந்தோ சிவகங்கையிலிருந்தோ வந்த தம்பியாக இருக்கலாம். ஞாயிற்றுக்கிழமையில் அவர் சிராங்கூன் சாலைக்கு வந்து, சாமான் வாங்கி, நண்பர்களைக் கண்டு, திடலில் உட்கார்ந்துவிட்டு விடுதிக்குத் திரும்புகிறார். தாம் பராமரிக்கும் பூங்காவில் விருந்தினராக நடந்து பார்க்கும் சந்தர்ப்பம் அவருக்கு வாய்ப்பது அரிது. “தம்பி, அடுத்த ஞாயிறு எங்களோடு மெக்ரிட்சிக்கு வாருங்கள்” என்று நம்மில் ஒவ்வொரு குடும்பமும் ஒருவரையாவது அழைக்க வேண்டுமென்று இந்த மேடையில் நின்று மிகவும் பணிந்து கேட்டுக்கொள்கிறேன்.

ஒரு வேண்டாத வழக்கத்தையும் கண்டித்தாக வேண்டும். காக்கைக்குச் சோறு வைத்துவிட்டு உண்ணும் மரபில் வந்த நாம், குரங்கைக் கண்டால் அனுமார் நினைவில் வாழைப்பழத்தை நீட்டிவிடுகிறோம். காட்டுக் குரங்கு ஒருமுறை மனிதர் கையிலிருந்து வாங்கித் தின்றால், மறுநாள் பையைப் பறிக்கிறது. சாலைக்கு வந்து வண்டியில் அடிபடுகிறது. வீடுகளுக்குள் புகுந்து, கடைசியில் பிடித்துக்கொண்டு போகப்படுகிறது. நம் தர்மம் அதற்கு மரணமாகிவிடுகிறது. 2020 முதல் வனவிலங்குகளுக்கு உணவிடுவது இங்கே சட்டப்படி குற்றமும் ஆகும். காட்டில் அத்தியும் நாவலினமும் பழுத்திருக்கின்றன. அவற்றை உண்ணக் குரங்குக்குத் தெரியும்.

நீண்ட நேரம் பேசிவிட்டேன். நாளைக்கே தொடங்குகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். முதல் நடைக்குக் காலாங் ஆற்றையே எடுத்துக்கொள்ளுங்கள். பீஷான் பூங்காவிலிருந்து கரையோர இணைப்புப் பாதையில் தெற்கே வந்தால் மேடு பள்ளம் அதிகமில்லை, தாத்தா பாட்டிமார்களும் உடன் நடக்கலாம். மர உச்சி நடைபாலத்துக்குப் போகிறவர்கள் காலையிலேயே புறப்பட்டு, போகவர நான்கு மணி நேரமாவது ஒதுக்கிக்கொள்ளுங்கள். குடிதண்ணீரும் குடையும் அவசியம். குரங்குகளின் கண்ணில் படும்படி பிளாஸ்டிக் பைகளைக் கையில் தொங்கவிடாதீர்கள். திங்கட்கிழமைகளில் பாலம் மூடியிருக்கும்.